எல்லை கடந்த மருத்துவ ஆலோசனை: மலேசியத் தொலைமருத்துவச் சட்டம் 1997 – ஒரு விளக்கம்

முன்னுரை

நோயாளியும் மருத்துவரும் ஓரிடத்தில் நேருக்கு நேர் இருந்து நிகழ்வதே மருத்துவம் என்னும் கருத்தின்மீதே உலக நாடுகளின் மருத்துவச் சட்டங்கள் பெரும்பாலும் எழுந்துள்ளன. தொலைபேசியும் கணினியும் இணையமும் இக்கருத்தை அசைத்துவிட்டன. சென்னையில் இருக்கும் மருத்துவர் ஒருவர், கிள்ளானில் இருக்கும் நோயாளிக்குத் திறன்பேசி வழியே ஆலோசனை கூறுகிறார் எனக் கொள்வோம். அந்த மருத்துவம் சென்னையில் நிகழ்கிறதா, கிள்ளானில் நிகழ்கிறதா? அம்மருத்துவர் எந்நாட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும்? ஆலோசனை பிழையானால் நோயாளி எங்குச் சென்று முறையிடுவது?

இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற தொடக்ககாலச் சட்டங்களுள் மலேசியாவின் தொலைமருத்துவச் சட்டம் 1997 குறிப்பிடத்தக்கது. சட்டம் 564 என எண்ணிடப்பட்ட அது நாடாளுமன்றத்தில் நிறைவேறி அரசிதழிலும் வெளியானது. ஆயினும் கால் நூற்றாண்டு கடந்தும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இச்சட்டம் கூறுவது யாது, அது செயல்படாமையால் விளைந்த நிலை யாது, கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் தமிழர்க்கு இதனால் நேரும் சிக்கல்கள் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது சட்டத்துறையினர்க்கு மட்டும் உரிய பொருளன்று. நோயாளியின் மொழி, நோய் குறித்த சொற்கள், அறிந்தளிக்கும் இசைவு ஆகியன இதில் அடங்குவதால் தமிழாசிரியர்களும் கருத்திற்கொள்ள வேண்டிய பொருளாகும்.

மாநில எல்லையும் நாட்டு எல்லையும்

வெளியிடத்து மருத்துவர் பற்றிய சிக்கல் முதலில் கூர்மையாக எழுந்தது அமெரிக்காவில் எனலாம். அங்கு மருத்துவ உரிமம் வழங்கும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனியே உரியது. நோயாளி எம்மாநிலத்தில் இருக்கிறாரோ அம்மாநிலத்தின் உரிமம் மருத்துவருக்கு இருத்தல் வேண்டும் என்பதே அங்குப் பொதுவான விதி. ஆற்றின் இக்கரையில் உள்ள மருத்துவர் அக்கரையில் உள்ள தம் நோயாளியுடன் காணொளியில் பேசுவதற்கும் இரண்டாம் உரிமம் தேவைப்படும் நிலை இதனால் உண்டாயிற்று. பல மாநிலங்கள் ஒன்றுகூடி உருவாக்கிய மருத்துவ உரிம உடன்பாட்டின் வழியே விரைவாக உரிமம் வழங்கும் முறை 2017ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. அதன் பின்னரும் உரிமம் மாநில உரிமமாகவே நீடிக்கிறது. அதனைப் பெறும் வழி மட்டுமே எளிதாக்கப்பட்டது.

மலேசியாவும் கூட்டாட்சி நாடே. ஆயினும் இங்கு நிலைமை வேறு. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, மருத்துவத்தையும் சுகாதாரத்தையும் கூட்டரசுப் பட்டியலில் வைத்துள்ளது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் மலேசிய மருத்துவ மன்றம் பேணும் பதிவேடு நாடு முழுமைக்கும் ஒன்றே. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி முதல் நாளில் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமான போதிலும், பிரிக்பீல்ட்ஸ் மருத்துவர் கிள்ளான் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதில் மாநில எல்லை குறுக்கிடுவதில்லை. வழக்கறிஞர் தொழிலோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். தீபகற்ப மலேசியாவின் வழக்கறிஞர் சபா, சரவாக் நீதிமன்றங்களில் இயல்பாகத் தொழில் நடத்த இயலாது. அவ்விரு மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. மருத்துவத் தொழிலுக்கோ நாடு முழுமைக்கும் பதிவு ஒன்றே.

ஆகவே அமெரிக்காவில் 'வெளிமாநில மருத்துவர்' என எழுந்த சிக்கல், மலேசியாவில் 'வெளிநாட்டு மருத்துவர்' என்னும் வடிவில் எழுகிறது. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை அவ்வெளிநாடு பெரும்பாலும் இந்தியாவாக, அதிலும் தமிழ்நாடாக அமைகிறது.

சட்டம் தோன்றிய சூழல்

1996ஆம் ஆண்டு மலேசிய அரசு பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. மின்னரசாங்கம், பல்நோக்கு அட்டை, விவேகப் பள்ளி ஆகியவற்றோடு தொலைமருத்துவமும் அதன் முதன்மைத் திட்டங்கள் ஏழனுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 1997இல் சுகாதார அமைச்சு தொலைமருத்துவத்திற்கான பெருந்திட்ட வரைவை வெளியிட்டது. வாழ்நாள் சுகாதாரத் திட்டம், மக்களுக்கான சுகாதாரச் செய்தியும் கல்வியும், மருத்துவர்களுக்கான தொடர்கல்வி, தொலை ஆலோசனை என நான்கு கூறுகளை அவ்வரைவு முன்வைத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1999இல் செயல்படத் தொடங்கிய செலாயாங் மருத்துவமனை, தாளில்லா மருத்துவமனையாக அமைக்கப்பட்டதும் இக்கனவின் பகுதியே ஆகும்.

இத்திட்டங்களுக்குச் சட்ட அடித்தளம் தேவைப்பட்டது. அதனால் 1997இல் மின்னியல் கையொப்பச் சட்டம், கணினிக் குற்றச் சட்டம், தொலைமருத்துவச் சட்டம் ஆகியன முறையே 562, 563, 564 என்னும் அடுத்தடுத்த எண்களுடன் இயற்றப்பட்டன. முதற்சட்டம் 1998 அக்டோபரிலும் இரண்டாஞ்சட்டம் 2000 ஜூனிலும் நடைமுறைக்கு வந்தன. மூன்றாவதான தொலைமருத்துவச் சட்டம் மட்டும் அந்நிலையை எய்தவில்லை. அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் நாளிலேயே அது நடைமுறைக்கு வரும் என்பது சட்டத்தின் முதற்பிரிவு. அந்நாள் அறிவிக்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் தொலைமருத்துவம் நாட்டின் அன்றாடத் தேவையானபோதும் அந்நிலை மாறவில்லை.

சட்டம் கூறுவது

ஆறே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் இது. ஒலி, ஒளி, தரவுத் தொடர்புகளைப் பயன்படுத்தி மருத்துவம் செய்தலையே அது தொலைமருத்துவம் என வரையறுக்கிறது. அதன் சாரத்தை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, யார் செய்யலாம் என்பது. மலேசியாவில் முழுப்பதிவு பெற்று, நடப்புப் பணிச் சான்றிதழும் கொண்ட மருத்துவர் தொலைமருத்துவம் செய்யலாம். வெளிநாட்டில் பதிவுபெற்ற மருத்துவரும் செய்யலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவர் மலேசிய மருத்துவ மன்றம் வழங்கும் தொலைமருத்துவச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். மேலும், மலேசியாவில் முழுப்பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் வாயிலாகவே அவர் மருத்துவம் செய்தல் வேண்டும். சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் உள்நாட்டு மருத்துவர் வழியாகவே அளிக்க வேண்டும். சான்றிதழின் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது. தாதியர், மருத்துவ உதவியாளர், மருத்துவச்சியர் முதலியோர் முழுப்பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செயல்படச் சுகாதாரத் தலைமை இயக்குநர் எழுத்து வழியே இசைவளிக்கலாம்.

இரண்டாவது, தண்டனை. இவ்விதியை மீறுபவர் மலேசியாவுக்கு வெளியே இருந்து மருத்துவம் செய்தாலும் குற்றவாளியே எனச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. அதற்குரிய தண்டனை 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமாகும். மருத்துவம் நோயாளி இருக்கும் இடத்தில் நிகழ்கிறது என்னும் கொள்கையை மலேசியச் சட்டம் மேற்கொண்டமை இதனால் புலனாகிறது.

மூன்றாவது, நோயாளியின் இசைவு. தொலைமருத்துவம் செய்வதற்கு முன்னர் நோயாளியின் எழுத்துவழி இசைவைப் பெறுதல் வேண்டும். இசைவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதும், அவ்வாறு பெற்றால் பிற்காலச் சிகிச்சைக்கான உரிமை பாதிக்கப்படாது என்பதும் நோயாளிக்குக் கூறப்பட வேண்டும். தொலைமருத்துவத்தின் இடர்களும் நன்மைகளும் விளக்கப்பட வேண்டும். மருத்துவ மறைபொருள் காப்பு இங்கும் பொருந்தும் என்பதும், தம்மை அடையாளங்காட்டக்கூடிய படங்களோ செய்திகளோ தம் இசைவின்றி ஆய்வாளர்க்கோ பிறர்க்கோ தரப்படமாட்டா என்பதும் அறிவிக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலம் 1996இல் இயற்றிய தொலைமருத்துவ வளர்ச்சிச் சட்டத்தின் இசைவு விதிகளோடு இவற்றை ஒப்பிடுவோர் நெருங்கிய ஒற்றுமையைக் காண்பர். கலிபோர்னியாவோ 2011இல் அச்சட்டத்தைத் திருத்தி, எழுத்துவழி இசைவுக்கு மாற்றாக வாய்மொழி இசைவே போதும் என்றாக்கியது.

அண்மை மருத்துவர் என்னும் பிடிப்பு

மேற்கண்ட விதிகளுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது, உள்நாட்டு மருத்துவரின் 'வாயிலாக' என்னும் நிபந்தனையே. வெளிநாட்டில் வாழும் ஒருவரை மலேசிய நீதிமன்றம் தண்டிப்பது ஏட்டளவில் எளிது, செயலளவில் அரிது. அவர் இங்கு வராதவரை அபராதத்தையும் சிறையையும் அவர்மேல் செலுத்துவதற்குப் பிறநாட்டின் ஒத்துழைப்பு வேண்டும். உள்நாட்டு மருத்துவரோ மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு நேரடியாக உட்பட்டவர். தம் பதிவை இழக்க அஞ்சுபவர். தொலைவிலிருப்பவரைப் பிடிக்க இயலாத சட்டம், அருகிலிருப்பவரைப் பொறுப்பாக்குகிறது. சட்டத்தின் உண்மையான வலிமை 5 லட்சம் ரிங்கிட்டில் இல்லை. இந்த அண்மை மருத்துவரிடமே உள்ளது எனலாம்.

ஆனால் இவ்வமைப்பு 1997ஆம் ஆண்டின் தொழில்நுட்பத்தை மனத்திற்கொண்டது. மருத்துவமனையின் ஓர் அறையில் காணொளிக் கருவி, அதன் முன் நோயாளியும் உள்நாட்டு மருத்துவரும், மறுமுனையில் வெளிநாட்டு வல்லுநர் என்பதே அன்றைய காட்சி. மருத்துவர் மருத்துவரோடு கலந்து பேசுதலே அதன் மையம். நோயாளியே தம் கையிலுள்ள திறன்பேசியில், புலனம் எனப்படும் வாட்சாப் வழியே வெளிநாட்டு மருத்துவரை நேரே அழைப்பார் என்பது அச்சட்டத்தில் எண்ணப்படவில்லை.

வரையறையின் அகலமும் ஒரு சிக்கலே. ஒலித்தொடர்பும் தொலைமருத்துவமாகக் கொள்ளப்படுவதால், பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் ஒன்றின் மருத்துவர் தம் பழைய நோயாளியிடம் தொலைபேசியில் மாத்திரை அளவு பற்றிப் பேசுவதும் அதனுள் அடங்கிவிடும். அதற்கும் முன்கூட்டியே எழுத்துவழி இசைவு வேண்டும். சட்டம் அப்படியே நடைமுறைக்கு வந்திருப்பின், எல்லை கடந்த மருத்துவரைக் கட்டுப்படுத்த எழுந்த விதி உள்ளூர் மருத்துவரின் எளிய தொலைபேசி அழைப்பையும் குற்றமாக்கியிருக்கும்.

இன்றைய சட்ட நிலை

தொலைமருத்துவச் சட்டம் செயல்படாத நிலையில் பிற சட்டங்களே இவ்விடத்தை நிரப்புகின்றன. மருத்துவச் சட்டம் 1971 பதிவுபெறாதோர் மருத்துவம் செய்வதைத் தடுக்கிறது. 2006 மே முதல் நடைமுறையிலுள்ள தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் 1998 கிளினிக்குகளையும் மருத்துவமனைகளையும் முறைப்படுத்துகிறது. அது கட்டடத்தையும் இடத்தையும் அடிப்படையாகக் கொண்டது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதை அடுத்து, மெய்நிகர் ஆலோசனை குறித்து மலேசிய மருத்துவ மன்றம் அறிவுரை ஒன்றை வெளியிட்டது. அறிவுரை மன்றத்தில் பதிவுபெற்றோரை நெறிப்படுத்தும். பதிவுபெறாத வெளிநாட்டு மருத்துவரை அது எட்டாது.

இந்தியாவின் நிலையும் அறியத்தக்கது. அங்கு 2020 மார்ச் 25இல் தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகள் வெளியிடப்பட்டன. பதிவுபெற்ற மருத்துவர் இந்தியாவின் எப்பகுதியில் உள்ள நோயாளிக்கும் தொலைவழி ஆலோசனை வழங்கலாம் என அவை தெளிவுபடுத்தின. மாநில எல்லை பற்றிய ஐயம் இதனால் நீங்கியது. அதேவேளையில், இந்திய எல்லைக்கு அப்பாற்பட்ட ஆலோசனைகள் இந்நெறிகளில் அடங்கா என்றும் வெளிப்படையாகக் கூறப்பட்டது. ஆக, சென்னை மருத்துவர் கோயம்புத்தூர் நோயாளிக்கும் தில்லி நோயாளிக்கும் எந்நெறிப்படி ஆலோசனை கூறுகிறாரோ, அந்நெறி கிள்ளான் நோயாளிக்கு இல்லை. மலேசியச் சட்டம் உறங்குகிறது. இந்திய நெறி எல்லையில் நின்றுவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே நம் நோயாளி நிற்கிறார்.

இவ்வெளியின் விளைவுகள் நடைமுறை சார்ந்தவை. முதலாவதாக, வெளிநாட்டு மருத்துவரின் மருந்துச்சீட்டு இங்குச் செல்லாது. நச்சுப்பொருள் சட்டம் 1952இன்படி, மருந்துச்சீட்டின்பேரில் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளுக்கு மலேசியாவில் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டே வேண்டும். எனவே நோயாளி உள்ளூர் மருத்துவரிடம் சென்று மீண்டும் சீட்டுப் பெற வேண்டும்; அல்லது ஊரிலிருந்து வருவோரிடம் மருந்து வாங்கிவரச் சொல்ல வேண்டும். பின்னையதில் மருந்தின் அளவும் சேர்க்கையும் உள்ளூர் மருத்துவருக்குத் தெரியாமற் போகும் இடர் உண்டு. இரண்டாவதாக, முறையீடு. மலேசிய மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு அதிகாரம் அதன் பதிவேட்டில் இல்லாதவர்மீது செல்லாது. தமிழ்நாடு மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம். ஆனால் கிள்ளானில் வாழும் மூதாட்டி ஒருவர் அதனை மேற்கொள்வது எளிதன்று. மூன்றாவதாக, தரவு. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 உடல்நலம் பற்றிய செய்தியைக் கூருணர்வுத் தரவாகக் கொண்டு வெளிப்படையான இசைவைக் கோருகிறது. நோயாளியே தம் பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, அக்காப்பு எவ்வளவு தூரம் உடன்செல்லும் என்பது ஐயத்திற்குரியது.

இங்கு ஒரு முரண் உண்டு. வெளிநாட்டு மருத்துவர் விமானமேறி இந்நாட்டுக்கு வந்து குறுகிய காலம் பணியாற்ற விரும்பினால், தற்காலிகப் பணிச் சான்றிதழ் பெறும் வழி மருத்துவச் சட்டத்தில் உள்ளது. உடல் வந்தால் சட்டத்தில் வழியுண்டு. குரல் மட்டும் வந்தால் வழியில்லை.

சித்த மருத்துவமும் தொலைவழியும்

தமிழர் வாழ்வில் மருத்துவம் என்பது ஆங்கில மருத்துவம் மட்டுமன்று. சித்த மருத்துவத்தின்பால் மலேசியத் தமிழர் கொண்டுள்ள ஈடுபாடு தலைமுறை கடந்தது. 2010 அக்டோபரில், பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியா திறந்துவைக்கப்பட்ட அதே இந்தியப் பிரதமர் வருகையின்போது, மரபுவழி மருத்துவ முறைகளில் ஒத்துழைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மலேசியாவும் இந்தியாவும் கையெழுத்திட்டன. பின்னர் இயற்றப்பட்ட மரபுவழி, துணைமை மருத்துவச் சட்டம் 2016, மரபுவழி இந்திய மருத்துவத்தையும் அங்கீகரிக்கப்பட்ட துறைகளுள் ஒன்றாக ஏற்று, அதனைச் செய்வோர் பதிவுபெற வேண்டும் என வகுத்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி முதலியன அதில் அடங்கும்.

தொலைமருத்துவச் சட்டம் 1997 இத்துறையைக் கருதவே இல்லை. அது மருத்துவச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்றோரை மையமாகக் கொண்டது. இந்தியாவில் 2020இல் சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களுக்கெனத் தனியே தொலைமருத்துவ நெறிகள் வகுக்கப்பட்டன. மலேசியாவில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுச் சித்த மருத்துவரிடம் காணொளியில் ஆலோசனை கேட்பவருக்கு இரு நாட்டு ஏற்பாடுகளும் தெளிவான காப்பைத் தரவில்லை.

சித்த மருத்துவத்தின் நோயறி முறையே இங்கு ஓர் அடிப்படை வினாவை எழுப்புகிறது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எண்வகைத் தேர்வுகளைச் சித்தர் மரபு வகுத்துள்ளது. இவற்றுள் நாவையும் விழியையும் காணொளியில் ஒருவாறு காணலாம், மொழியைக் கேட்கலாம். நிறமோ திறன்பேசியின் ஒளிக்கு ஏற்ப மாறித் தோன்றும். மலம், சிறுநீர் பற்றி நோயாளி வாய்மொழியாகக் கூறுவதையே நம்ப வேண்டும். சிறுநீரில் எண்ணெய்த் துளி பரவும் பாங்கை நோக்கும் நெய்க்குறித் தேர்வைத் தொலைவிலிருந்து முறையாகச் செய்ய இயலாது. எண்வகையுள் தலையாயதாகப் போற்றப்படும் நாடியும், தொட்டறியும் பரிசமும் தொலைவழியில் அறவே இயலா. மருத்துவரின் விரல் நோயாளியின் மணிக்கட்டில் படாமல் நாடி இல்லை. ஆகவே தொலைவழிச் சித்த ஆலோசனை, அம்மரபின் அளவுகோலின்படியே குறைபட்ட ஆலோசனையாகும். முன்னரே நேரில் நாடி பார்த்த நோயாளிக்குத் தொடர் ஆலோசனை கூறுதல் வேறு. முன்பின் காணாதவருக்கு முதன்முறையாக மருந்து கூறுதல் வேறு. மருந்தைப் பொறுத்தவரை, மலேசியாவில் விற்கப்படும் மரபுவழி மருந்துகள் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். அஞ்சல் வழியே வரும் பெயரற்ற சூரணத்திற்கும் செந்தூரத்திற்கும் அக்காப்பு இல்லை. உலோகமும் பாடாணமும் கலந்த மருந்துகளில் இது உயிர் தொடர்பான சிக்கலாகும்.

இசைவும் மொழியும்

தமிழ்நாட்டு மருத்துவரை நாடுவதற்குரிய காரணங்களுள் மொழியும் ஒன்றாகும். தமிழ் மட்டுமே பழகிய முதியோர், தம் உடற்குறைகளைத் தாய்மொழியில் விரிவாகக் கூற விழைகின்றனர். ஆனால் ஒரே மொழி என்பதனாலேயே புரிதல் உறுதியாகிவிடாது. மலேசியத் தமிழர் 'இனிப்புநீர்' என்பதைத் தமிழ்நாட்டார் 'சர்க்கரை நோய்' என்பர். 'மயக்கம்' என்னும் ஒரு சொல் தலைச்சுற்றலையும் குறிக்கும். நினைவிழந்து விழுதலையும் குறிக்கும். முன்னதற்கும் பின்னதற்கும் மருத்துவத்தில் வேறுபாடு பெரிது. நேரில் இருக்கும் மருத்துவர் நோயாளியின் கையசைவையும் முகக்குறிப்பையும் கொண்டு பொருளை உணர்ந்துகொள்வார். தெளிவற்ற தொலைத்தொடர்பில் சொல்லே பெருஞ்சுமையைத் தாங்குகிறது.

இசைவு பற்றிய சட்ட விதியிலும் இக்குறை உண்டு. நோயாளிக்கு இன்னின்ன கூறப்பட வேண்டும் எனச் சட்டம் வரையறுக்கிறது. எம்மொழியில் கூறப்பட வேண்டும் என வரையறுக்கவில்லை. புரியாத மொழியில் எழுதிய தாளில் இட்ட கையொப்பம் இசைவாகாது. அது வெறும் கையொப்பமே. இந்திய நெறிகள் இங்கு வேறுவழி செல்கின்றன. நோயாளியே ஆலோசனையைத் தொடங்கினால் இசைவு உட்கிடையாக உள்ளதெனக் கொள்ளப்படும். மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ தொடங்கினால் வெளிப்படையான இசைவு பெறப்பட வேண்டும். இது நடைமுறைக்கு எளிது. ஆயினும் தம்மை அழைத்ததாலேயே நோயாளி எல்லா இடர்களையும் அறிந்தவராகிறார் எனக் கொள்வது பொருந்தாது.

தமிழில் 'ஒப்புதல்', 'சம்மதம்', 'இசைவு' என மூன்று சொற்கள் வழங்குகின்றன. ஒப்புதல் என்பது அலுவலகத் தமிழில் மேலிடத்து ஏற்பைக் குறிக்கும். சம்மதம் பேச்சு வழக்கில் நன்கு அறிந்த சொல். எனினும் வற்புறுத்தலுக்கு இணங்குவதையும் அது சுட்டுவதுண்டு. இசைவு என்பதே உணர்ந்து உடன்படுதலைச் சுட்டத் தக்கது. படிவத்தில் இசைவு என எழுதி, வாய்மொழி விளக்கத்தில் சம்மதம் என்னும் அறிந்த சொல்லையும் ஆளுதல் பொருத்தமாகும். 'நான் விரும்பும்போது இதனை நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினாலும் எனக்குச் சிகிச்சை மறுக்கப்படாது' என்பது போன்ற குறுந்தொடர்களால் சட்டத்தின் கருத்தை எவர்க்கும் விளங்க வைக்க இயலும். இத்தகைய படிவங்களை ஆக்குவதில் தமிழாசிரியர்க்கும் மொழிபெயர்ப்புத் துறையினர்க்கும் பெரும்பங்கு உண்டு.

முறைப்படுத்துதற்குரிய வழி

நோயாளி இருக்கும் இடமே மருத்துவம் நிகழும் இடம் என்பது மலேசியச் சட்டத்தின் கொள்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வகுத்த நெறி இதற்கு மாறானது. உறுப்பு நாடுகளிடையே தொலைமருத்துவம் நிகழும்போது, மருத்துவர் நிலைபெற்றுள்ள நாட்டிலேயே மருத்துவம் நிகழ்ந்ததாக அது கொள்கிறது. பொதுவான நீதியமைப்பும் ஒன்றன் தகுதியை மற்றொன்று ஏற்கும் ஏற்பாடும் உள்ள நாடுகளுக்கே அது பொருந்தும். மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே அத்தகைய பொது அமைப்பு இல்லையாதலின், நோயாளியின் இடத்தை அடிப்படையாகக் கொள்ளுதலே தக்கது.

ஆயினும் எல்லா ஆலோசனைகளையும் ஒரே தட்டில் வைத்தல் முறையாகாது. மூவகை ஆலோசனைகளை வேறுபடுத்திக் காணல் வேண்டும். உள்நாட்டு மருத்துவர் வெளிநாட்டு வல்லுநரிடம் கருத்துக் கேட்பது முதல்வகை. இங்குப் பொறுப்பு உள்நாட்டு மருத்துவரிடமே உள்ளதால் சான்றிதழ் முறை எளிதாக இருக்கலாம். சென்னை சென்று அறுவை செய்துகொண்டு திரும்பியவர், தமக்கு அறுவை செய்த மருத்துவரிடமே தொடர் ஆலோசனை பெறுவது இரண்டாம்வகை. இதனைத் தடுத்தால் நோயாளிக்கே தீங்கு. அறுவை பற்றிய முழுச்செய்தியும் அம்மருத்துவரிடமே உள்ளது. ஆனால் ஆலோசனையின் குறிப்பு எழுத்து வடிவில் உள்ளூர் மருத்துவருக்கும் கிடைக்கச் செய்தல் வேண்டும். முன்பின் காணாத வெளிநாட்டு மருத்துவரிடம் நோயாளி முதன்முறையாக நேரே மருத்துவம் பெறுவது மூன்றாம்வகை. பதிவும், உள்நாட்டுப் பொறுப்பாளரும், முறையீட்டு வழியும் கட்டாயமாக வேண்டப்படுவது இதற்கே. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் அண்மை மருத்துவர் கொள்கையை இம்மூன்றாம் வகைக்கு இறுக்கமாகவும் முதலிரண்டிற்கு நெகிழ்வாகவும் அமைத்தால், அது இன்றைய தேவைக்கு ஏற்றதாகும்.

முடிவுரை

தொலைமருத்துவச் சட்டம் 1997 காலத்தை முந்திப் பிறந்தது. பின்னர்க் காலம் அதனை முந்திச் சென்றது. அதன் வரையறை மிக அகன்றது. அது எண்ணிய காட்சி மிகக் குறுகியது. ஆயினும் நோயாளி இருக்கும் நாட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதும், நோயாளி அறிந்து இசைய வேண்டும் என்பதும் ஆகிய அதன் இரு கொள்கைகளும் இன்றும் வலுவானவையே. அச்சட்டத்தை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவருதலும் தீர்வாகாது. அதனை மறந்துவிடுதலும் தீர்வாகாது. மரபுவழி மருத்துவத்தையும் உள்ளடக்கி, ஆலோசனை வகைக்கேற்பப் பொறுப்பைப் பகுத்து, இசைவைப் பெறும் மொழியையும் வரையறுக்கும் திருத்தமே வேண்டப்படுவது.

அத்தகைய திருத்தம் வரும்வரை, வெளிநாட்டு மருத்துவரை நாடும் நோயாளி தம் உள்ளூர் மருத்துவரிடம் அதனை மறைக்காமல் கூறுதலும், பெற்ற ஆலோசனையை எழுத்து வடிவில் கேட்டு வைத்துக்கொள்ளுதலும், பெயரும் பதிவும் அறியாத மருந்தை உட்கொள்ளாமையும் தற்காப்புக்குரிய வழிகளாகும். இவற்றை வகுப்பறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் எடுத்துரைக்கத் தமிழாசிரியர்களால் இயலும்.